யாரிடம் வாயைத் திறப்பது?

2017-இல் மலாக்காவில் 20 வயதுப் பெண் ஒருவர் பிடிபட்டார். பல் மருத்துவம் படிக்காதவர். யூடியூப் காணொளிகளைப் பார்த்துப் பல்லுக்கு பிரேஸ் மாட்டக் கற்றுக்கொண்டு, காசு வாங்கி மற்றவர்களுக்கு மாட்டிவிட்டார். நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் போட்டது. கட்ட முடியாமல் சிறைக்குப் போனார். ஆறே நாளில் வெளியே வந்தார். பொதுமக்கள் திரட்டிக் கொடுத்த பணத்தில் அபராதம் கட்டப்பட்டிருந்தது.

இந்தச் செய்தியில் எனக்கு மறக்காமல் நிற்பது அந்தக் கடைசி விஷயம்தான். சட்டம் ஒரு போலியைப் பிடித்தது. ஜனங்கள் ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்தார்கள். இரண்டு பார்வைக்கும் நடுவே இவ்வளவு தூரம் எப்படி வந்தது? பிரேஸ் மாட்டிக்கொள்ளப் போனவர்களும் முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒழுங்கான கிளினிக்கில் பல்லாயிரம் வெள்ளி கேட்பதைச் சில நூறு வெள்ளிக்கு ஒருவர் செய்து தருகிறார், தோழி போயிருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நம்பிக்கைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நம் தாத்தா பாட்டிகளும் கிட்டத்தட்ட இப்படித்தான் நம்பினார்கள்.

பல் வைத்தியத்தில் நம்பிக்கை ஏன் இத்தனை சிக்கலானது என்பதற்கு எளிய காரணம் உண்டு. காலில் கட்டுப் போட்டால் நாமே பார்க்கலாம். வாய்க்குள் நடப்பதை நாம் பார்க்க முடியாது. வாயைத் திறந்துவிட்டால் பேசவும் முடியாது. வலி வந்த பிறகு போகிறவனுக்கு விலை பேசும் தெம்பும் இருக்காது. வேலை நன்றாக நடந்ததா என்பது சில வருடம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் செய்தவர் கடையை மாற்றியிருப்பார்.

அதனால் பழைய காலத்தில் பல் பிடுங்குகிறவர்கள் நம்பிக்கையை முதலில் வீதியில் நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. நவீனப் பல் மருத்துவத்தின் தந்தை என்று சொல்லப்படும் பிரெஞ்சுக்காரர் பியர் ஃபோஷார் 1728-இல் பாரிசில் இரண்டு தொகுதிகளாக ஒரு நூலை வெளியிட்டார். பல்லின் அமைப்பு, நோய்கள், கருவிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. கூடவே வீதி வைத்தியர்களின் தந்திரங்களையும் அம்பலப்படுத்தினார். ஒரு தந்திரம் இது. கூட்டத்துக்குள் கூட்டாளி ஒருவன் நோயாளியாக நிற்பான். வைத்தியன் கைக்குள், கோழி ரத்தத்தோடு மெல்லிய சவ்வில் சுற்றிய பல் ஒன்று மறைந்திருக்கும். வாயைப் பார்ப்பதுபோல் அதை உள்ளே வைத்துவிடுவான். அப்புறம் பல்லை ஏதோ பொடியால் தொட்டால் போதும், கூட்டாளி ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்புவான். வலியே இல்லை! கூட்டம் நம்பிவிடும். இன்றைக்கு இன்ஸ்டாகிராமில் 'முன்', 'பின்' என்று ஒட்டி வைத்த இரண்டு படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோழி ரத்தம் ஞாபகம் வரும்.

வீதி நடிப்புக்கு மாற்றாக அரசுகள் கொண்டுவந்தது பதிவேடு. யார் படித்தவர், யார் தொழில் செய்யலாம் என்று பெயர் எழுதி வைக்கும் ஒரு புத்தகம். பிரிட்டனில் 1878-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. ஆனால் அது பெரும்பாலும் பட்டப்பெயரைத்தான் காத்தது. பதிவில்லாத ஒருவர் 'பல் மருத்துவர்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது. வேறு ஏதாவது பெயரில் பலகை மாட்டிக்கொண்டு பல்லைப் பிடுங்கலாம்! 1921-இல்தான் பதிவில்லாதவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. அப்போதும் ஒரு சமரசம் நடந்தது. பட்டம் இல்லாவிட்டாலும் ஏற்கெனவே பல வருடம் இதே தொழிலில் இருந்தவர்களை நிபந்தனையோடு பதிவேட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களை ஒரே நாளில் வெளியேற்றினால் ஏழை ஜனங்களின் பல்லை யார் பார்ப்பது?

இதே கேள்வி சில பத்தாண்டுகள் கழித்து மலாயாவுக்கும் வந்தது.

இங்கே பல் தொழில் என்பது அப்போது பெரும்பாலும் கடைத்தெருத் தொழில். சீனாவின் ஹூபெய் மாநிலத்துத் தியன்மென் பகுதியிலிருந்து வந்தவர்கள் பல் கட்டும் வேலைக்குப் பேர் போனவர்கள். அப்பாவிடமிருந்து மகன், மாமாவிடமிருந்து மருமகன் என்று கையால் கற்றுக்கொண்ட தொழில். கடைவீட்டு வாசலில் பெரிய பல்லும் ஈறும் வரைந்த பலகை. கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரிப் பல்செட்டுகள். பல்லைப் பிடுங்குவார்கள், பல்லைக் கட்டுவார்கள், தங்கப்பல் வைப்பார்கள். சொத்தையை அடைத்துப் பல்லைக் காப்பாற்றுவது அந்த உலகத்தில் பெரிய விஷயமாக இல்லை. நம் ஆட்களிலும் தங்கப்பல் வைத்துக்கொண்டு கல்யாணப் போட்டோவில் சிரித்தவர்கள் உண்டு. ஒவ்வொரு பழைய ஆல்பத்திலும் ஒருவராவது அகப்படுவார்.

படித்த பல் மருத்துவர்களை இங்கேயே உருவாக்க 1929-இல் சிங்கப்பூரில், ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. முதல் வகுப்பில் ஏழு மாணவர்கள். பொறுப்பேற்றவர் பிரிஸ்டலிலிருந்து வந்த டிராட்மன். சுவாரசியமான மனிதர். இங்கிலாந்தில் குகைகளைத் தோண்டி ஆராய்ந்த தொல்லியல் ஆர்வலர். இங்கே வந்து, கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு எந்த இனத்தாரிடம் மூன்று வேர்கள் அதிகம் என்று ஆராய்ந்து 1938-இல் கட்டுரை எழுதினார். ஜப்பானியர் காலத்தில் சாங்கி முகாமில் அடைபட்டிருந்தார். மலேசியாவில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பீடம் 1972-இல்தான் வந்தது. அதுவரைக்கும் இந்த இரண்டு நாட்டுக்குமான பல் மருத்துவர்களை முக்கியமாக உருவாக்கியது அந்தச் சிங்கப்பூர்ப் பள்ளிதான்.

ஏழு பேர், பத்துப் பேர் என்று படித்து வெளியே வந்தால் ஒரு நாட்டுக்கு எப்படிப் போதும்? போருக்குப் பிறகு தொழில் செய்பவர்கள் எல்லாரும் பதிய வேண்டும் என்று சட்டம் இறுகியபோது, இங்கேயும் 1921-இன் சமரசமே நடந்தது. பட்டம் பெற்றவர்கள் ஒரு பிரிவு, பட்டமில்லாமல் கையால் கற்ற பழைய தொழிலாளிகள் இன்னொரு பிரிவு. சிங்கப்பூர்ப் பதிவேட்டில் 'இரண்டாம் பிரிவு' என்பது அவர்களுக்கான பக்கம். அதில் புதிதாகச் சேர வழி கிடையாது. இருக்கிறவர்கள் வயதாகி ஒவ்வொருவராகக் குறைய, அந்தப் பக்கமும் காலியாகிக்கொண்டே வரும். இந்தோனேசியா வேறு வழியில் போனது. அங்கே 'துக்காங் கிகி' என்னும் பல் தொழிலாளிகளைத் தடை செய்ததை 2013-இல் அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்தது. கழற்றி மாட்டும் பல்செட் செய்யலாம், அதற்கு மேல் கைவைக்கக் கூடாது என்று எல்லை போட்டுவிட்டார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதிவேடு என்றதும் வானத்திலிருந்து விழுந்த சுத்தமான உண்மை என்று நினைத்துக்கொள்கிறோம். அது மனிதர்கள் பேரம் பேசி எழுதிய புத்தகம். கையால் கற்ற அந்தப் பழைய ஆட்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. பட்டம் பெற்றவர்கள் எட்டிப் பார்க்காத சின்னப் பட்டணங்களில் அவர்கள்தான் இருந்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் அவர்கள்கூட இல்லை. டிரஸ்ஸர்தான் இருந்தார்.

பேராக்கில் ரப்பர் தோட்டம். காய்ச்சலுக்கும் அவர்தான், பாம்புக் கடிக்கும் அவர்தான், பிரசவத்துக்கும் முதலில் ஓடி வருகிறவர் அவர்தான். பல்லுக்கு என்ன வழி என்று பாட்டியைக் கேட்டேன்.

"உப்பும் கரியும் வச்சு வெளக்குவோம். வலிச்சா கிராம்பு வைப்போம். அதுக்கும் அடங்கலன்னா டிரஸ்ஸரய்யாகிட்டப் போயி புடுங்கிக்குவோம். அவரு கைராசிக்காரரு. ஒரே இழுப்பு."

"ஊசி போட்டாங்களா பாட்டி?"

"போட்டாரோ போடலையோ, யாரு கண்டா? கைராசி இருந்துச்சு, அது போதும்."

கைராசி! தமிழில் மருத்துவ நம்பிக்கைக்கு இதைவிடக் கச்சிதமான சொல் எனக்குத் தெரியவில்லை. படிப்பைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. ஒருவருடைய கை பட்டு எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று ஒரு ஊர் வைத்திருக்கும் கணக்கு அது. லயத்தில் இருக்கிற எல்லாருக்கும் எல்லாருடைய வாயும் தெரியும். யாருக்குப் பல் பிடுங்கி ரத்தம் நிற்கவில்லை, யாருக்குக் கன்னம் வீங்கியது என்று பெரட்டுக்குப் போகும் வழியில் பேசிக்கொள்வார்கள். டிரஸ்ஸர் தப்புச் செய்தால் மறைக்க இடமில்லை. அவரும் அதே தோட்டத்தில்தான் தூங்கி எழுந்தார். கைராசிக்குப் பின்னால் இப்படி ஒரு கண்காணிப்பு இருந்தது.

ஆனால் கைராசியின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பாட்டிக்கு வேறு யாரும் கிடையாது. தேர்ந்தெடுக்க ஒரே ஒருவர்தான் இருந்தால் அவரைக் கைராசிக்காரர் என்று நம்பித்தானே ஆகவேண்டும்?

பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றலாம் என்ற எண்ணம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வழியாகத்தான் வந்தது. 1921-இல் நியூசிலாந்து, பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க இளம் பெண்களைத் தாதியராகப் பயிற்றுவிக்க ஆரம்பித்தது. அந்த முறையைப் பார்த்து 1949-இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. பல் மருத்துவரின் மேற்பார்வையில் பிள்ளைகளுக்குச் சொத்தை அடைப்பதும், ஆடுகிற பால் பல்லை எடுப்பதும், துலக்கக் கற்றுக் கொடுப்பதும் அவர்கள் வேலை. மடக்கு நாற்காலியோடு அவர்கள் தமிழ்ப்பள்ளிக்கு வந்த நாளில் பையன்கள் கழிவறையில் ஒளிந்த கதையை என் அப்பா தலைமுறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்ப்பது 1950களின் பிற்பகுதியில் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் ஆரம்பித்தது. 1972-இல் மலேசியா அதை நாடு முழுவதற்குமான கொள்கையாக்கியது. நம் தலைமுறையின் பல் நம் பெற்றோர் பல்லைவிடத் தப்பித்ததில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. இரண்டிலும் நாம் யாரையும் 'தேர்ந்தெடுக்க'வில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வீட்டுக்கும் பள்ளிக்கும் அவை தாமாக வந்து சேர்ந்தன.

கைராசியால் பார்க்க முடியாத ஒன்றும் இருந்தது. அது வெற்றிலைப் பாக்கு போட்ட வாய்.

வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் சேர்ந்தால் வாய்ப் புற்றுநோய் வரும் என்பது 1980களிலேயே உறுதியாகிவிட்டது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது. மலேசியாவில் 1993-94-இல் நாடு முழுவதும் பெரியவர்களின் வாயைச் சோதித்த ஆய்வில், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் இந்தியர்களிடம்தான் அதிகம் காணப்பட்டன. இந்தியர்கள் என்று அறிக்கை சொன்னாலும், தோட்டத்தில் வெற்றிலை போட்டவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

என் பெரியம்மா கதை இது. தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்துப் பக்கம் குடிவந்த பிறகு, யாரோ சொன்னார்கள் என்று ஒருவரிடம் பல்செட் கட்டிக்கொண்டார். கடை மாதிரியான இடம். சுவரில் எந்தச் சான்றிதழும் கிடையாது. கொஞ்ச நாளில் கன்னத்தின் உள்பக்கம் புண். "பல்செட் உரசுது" என்று போனார். அவர் அரத்தால் தேய்த்துக் கொடுத்தார். ஆறவில்லை. மறுபடியும் போனார், மறுபடியும் தேய்த்தார். "அந்தத் தம்பி காசுகூட வாங்க மாட்டேங்குது, நல்ல புள்ள," என்பார் பெரியம்மா. ஐந்து மாதம் இப்படியே போனது. கடைசியில் வேறு எதற்கோ அரசாங்க கிளினிக்குக்குப் போனபோது அங்கிருந்த பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கழுத்தையும் தடவிப் பார்த்தார். அன்றைக்கே கடிதம் எழுதிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். பெரியம்மா அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார்.

அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. பணம் பிடுங்கவில்லை, பொய் சொல்லவில்லை. பல்செட்டைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அதற்குப் பின்னால் இருந்த சதையைப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணைக் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்பது பல் மருத்துவம் படிக்கிறவர்களுக்குச் சொல்லித் தரும் அடிப்படைப் பாடம். படிப்பு என்பது கை வேலையைவிட அதிகமானது என்று நான் புரிந்துகொண்டது அங்கேதான். தன் கைக்கு எது அடங்காது என்று தெரிந்துகொள்வதும் படிப்புதான்.

அதனால்தான் 'நிபுணர்' என்ற சொல்லின் வரலாறு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது நாம் நினைப்பதைவிட இளைய வரலாறு. சிங்கப்பூரில் பல் நிபுணர்களுக்கென்று தனிப் பதிவேடு 2008-இல்தான் வந்தது. அங்கே ஏழு துறைகள்: பல் வரிசைச் சீரமைப்பு, வேர் சிகிச்சை, ஈறு சிகிச்சை, செயற்கைப் பல், சிறார் பல் மருத்துவம், வாய்-முக-தாடை அறுவை, பொதுப் பல் நலம். மலேசியாவில் 1971 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம், 2022 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. நிபுணர்களைத் தனியாகப் பதிவது அந்தச் சட்டத்தோடு வந்தது.

அந்த ஏழு துறைகளை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். 'இம்பிளான்ட்' அதில் இல்லை. 'அழகுப் பல் மருத்துவம்' இல்லை. பேரங்காடி விளம்பரங்களில் நாம் அதிகம் பார்ப்பது இந்த இரண்டு சொற்களைத்தான். இம்பிளான்ட் வைப்பவர் எல்லாம் போலி என்று அர்த்தமில்லை. பொதுப் பல் மருத்துவரும் பயிற்சி எடுத்து இம்பிளான்ட் வைக்கலாம், பிரேஸும் போடலாம். ஆனால் தன்னை நிபுணர் என்று ஒருவர் சொல்லிக்கொண்டால், எந்தத் துறையில் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பெயரைத் தட்டினால் இரண்டு நாட்டு மன்றங்களின் பதிவேடும் இணையத்தில் பதில் சொல்லும். மலேசியாவில் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும் தொழில் சான்றிதழும் இருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. 1878-இல் லண்டனில் ஏங்கிய ஏழைக்கும், என் பாட்டிக்கும் கிடைக்காத ஐந்து நிமிடம்.

ஆனால் பதிவேடு தரையைத்தான் காட்டும். இவர் படித்தவர், இவர் பெயர் இருக்கிறது, இவ்வளவுதான் அது சொல்லும். அதற்கு மேலே உள்ளதை ஒரு காலத்தில் லயத்துப் பேச்சு சொன்னது. அந்த லயம் இப்போது இல்லை. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறி, நாம் அடுக்குமாடிகளில் பக்கத்து வீட்டார் பெயர் தெரியாமல் இருக்கிறோம். கைராசி என்ற சொல்லை நட்சத்திரப் புள்ளிகள் பிடித்துக்கொண்டன. ஐந்து நட்சத்திரம் போட்டவரின் வாயை நாம் பார்த்ததில்லை. அவர் யாரென்றே தெரியாது. தோழி சொன்னாள் என்று மலாக்காப் பெண்ணிடம் போனவர்களுக்காவது ஒரு தோழி இருந்தாள்!

அந்த லயத்துப் பேச்சு இல்லாத இடத்தில் நாமே சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இப்போதே இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா, அதற்கு எவ்வளவு? எக்ஸ்ரேயைக் காட்டி விளக்குவீர்களா, ஒரு பிரதி கிடைக்குமா? கடைசிவரை நீங்களே பார்ப்பீர்களா, நடுவில் வேறு ஒருவர் வருவாரா? இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல் படுகிறவரிடம் எத்தனை பட்டம் இருந்தாலும் எனக்குத் தயக்கம்தான். இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறவரிடம் இன்னும் தயக்கம்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்பும் அடையாளம் ஒன்று உண்டு. ஒரு மருத்துவர் வாயைப் பார்த்துவிட்டு, "இது என்னால் முடியாது, இன்னாரிடம் போங்கள்" என்று கடிதம் எழுதித் தருகிறாரா என்பது. அந்த நிமிடத்தில் அவர் ஒரு வருமானத்தை விடுகிறார். ஃபோஷார் அம்பலப்படுத்திய வீதி வைத்தியர்களிடம் இல்லாததும் இதுதான்; தன்னால் முடியாதது ஒன்று உண்டு என்று கூட்டத்துக்கு முன்னால் ஒப்புக்கொண்டால் அவர்கள் பிழைப்பே போய்விடும். பெரியம்மாவை அனுப்பி வைத்த அந்த அரசாங்க மருத்துவர் பத்து நிமிடம்கூட அவரோடு இருந்திருக்க மாட்டார். எந்தச் சிகிச்சையும் செய்யவில்லை. பாதிப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார்.

பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கையைத்தான் ராசியான கை என்று சொல்லியிருப்பார்.